சாவி கொடுக்கும் கடிகாரம்: எதை வாங்கலாம், யாருக்கு வாங்கலாம்?

ஹேடோவில் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் கப்பல் டிக்கெட்டைப் பற்றியும், சென்னையிலிருந்து காய்கறி வந்து இறங்கிவிட்டதா என்பதைப் பற்றியும் பேச்சு நடக்கும். இப்போது அந்த வரிசையில் கைக்கடிகாரமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. பேட்டரி இல்லாமல், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் விசையால் மட்டுமே ஓடும் மெக்கானிக்கல் வாட்ச்சைத்தான் சொல்கிறேன். அதிலும் லட்சக்கணக்கில் விலை சொல்லப்படும் சுவிட்சர்லாந்து சரக்கு.

சென்ற சில மாதங்களில் இரண்டு அன்பர்கள் இது குறித்து என்னிடம் யோசனை கேட்டார்கள். ரயில்வேயில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு நேரத்தின் அருமை தெரியும் என்ற நம்பிக்கை. தண்டவாளமே இல்லாத தீவில் ஒரு ரயில்வேக்காரனுக்கு இப்படியாவது மரியாதை கிடைக்கிறதே என்று எனக்கும் சந்தோஷந்தான்.

முதலாமவர் அரசுத் துறையில் ஓய்வு பெறப் போகிறவர். "முப்பத்தைந்து வருஷம் உழைத்தாகிவிட்டது, சார். வரும் பணத்தில் எனக்கென்று ஒரே ஒரு நல்ல வாட்ச் வாங்கிக்கொள்ள ஆசை. எதை வாங்கலாம்?" என்றார். இரண்டாமவர் பெண்ணைப் பெற்றவர். "மாப்பிள்ளை வீட்டில் ஸ்விஸ் ஆட்டோமேட்டிக்தான் வேணுமாம், அண்ணாச்சி. எதைப் போட்டா மரியாதையா இருக்கும்?" என்றார்.

கேள்விகள் ஒன்று போலத் தோன்றினாலும் பதில் ஒன்றல்ல. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய கடிகாரத்தை நேரம் பார்ப்பதற்காக யாரும் வாங்க வேண்டியதில்லை. ஆசைக்காக வாங்கலாம், ஆனால் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும், இந்தத் தீவில் இருந்துகொண்டு பராமரிக்க முடிந்ததை வாங்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. காரணங்களைச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு ஏழு லட்சம் துடிப்பு

மெக்கானிக்கல் வாட்ச்சின் உள்ளே ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. சாவி கொடுத்தால் அது இறுகும். ஆட்டோமேட்டிக் என்றால் உள்ளே அரைவட்டத் தகடு ஒன்று நம் கை அசையும்போதெல்லாம் சுழன்று அந்த ஸ்பிரிங்கை இறுக்கும். இறுகிய ஸ்பிரிங் விரியும்போது பற்சக்கரங்கள் சுழல்கின்றன. அவை ஒரேயடியாகச் சுழன்றுவிடாமல், ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் வேலையை பேலன்ஸ் சக்கரமும், அதோடு சேர்ந்த மயிரிழை ஸ்பிரிங்கும் செய்கின்றன. அந்த விடுவிப்பின் ஓசைதான் நாம் கேட்கும் டிக் டிக்.

இன்றைய நல்ல வாட்ச்கள் பலவற்றில் இந்தத் துடிப்பு மணிக்கு 28,800 தடவை. ஒரு நாளைக்கு 6,91,200. ஒரு வருடத்துக்கு 25 கோடிக்கு மேல். இத்தனையையும் ஒரு சொட்டுக்கும் குறைவான எண்ணெயில், தூசி புகாத ஒரு சிறு பெட்டிக்குள் அது செய்து முடிக்கிறது. இயந்திரத்தோடு பழகியவனுக்கு இதன் மேல் மரியாதை வராமல் இருக்காது. எனக்கும் உண்டு. ஆகவே, "செல்போனே மணி காட்டுகிறதே, வாட்ச் எதற்கு?" என்று கேட்பவர்கள் கட்சியில் நான் இல்லை.

துல்லியத்துக்கா இந்த விலை?

விலை அதிகமானால் நேரம் சரியாக இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சுவிட்சர்லாந்தில் 'குரோனோமீட்டர்' என்று சான்று தருவதற்கு ஒரு அமைப்பு இருக்கிறது. அவர்கள் கடிகார இயந்திரத்தை 15 நாட்கள், ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில் வைத்துச் சோதிக்கிறார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 4 விநாடி பிந்துவதற்கும் 6 விநாடி முந்துவதற்கும் இடையில் இருந்தால் சான்று கிடைக்கும். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. அதில் 6 விநாடி என்றால் 14,400-இல் ஒரு பங்கு. எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு கிலோமீட்டர் நீளத்தை அளந்து 7 சென்டிமீட்டர் மட்டுமே பிசகுவது போல. அருமையான வேலைதான்.

ஆனால் இந்தத் துல்லியம் இன்று புதிதாக வந்ததல்ல. 1891-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கிப்டன் என்ற ஊரருகே இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதின. டிரைவரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்று பிறகு ஓடியதுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அதன் பிறகு வெப் பால் என்ற கடிகார வியாபாரியைக் கொண்டு அங்குள்ள ரயில்வேக் கம்பெனிகள் கடிகாரங்களுக்கு விதிமுறை வகுத்தன. வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது என்பது அதில் முக்கியமானது. அதாவது நாளொன்றுக்குச் சுமார் 4 விநாடி. நூறு ஆண்டுகளுக்கு முன் கரி படிந்த கையோடு என்ஜின் ஓட்டியவர் சட்டைப் பையில் இருந்த துல்லியம்தான் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஆடம்பரமாக விற்கிறது.

நம் ரயில்வேயிலும் நாள்தோறும் மாலை 4 மணிக்கு முக்கிய ஸ்டேஷன்களுக்கு நேரம் அனுப்பப்பட வேண்டும் என்பது பொது விதி. அதாவது எவ்வளவு நல்ல கடிகாரமானாலும் தினம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை ரயில்வே ஒப்புக்கொண்டிருக்கிறது!

இன்னொன்று. குவார்ட்ஸ் எனப்படும் பேட்டரி வாட்ச் 1969 டிசம்பரில் ஜப்பானின் செய்கோ கம்பெனியால் விற்பனைக்கு வந்தது. இன்றைய குவார்ட்ஸ் வாட்ச்களில் உள்ள படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்குச் சுமார் 15, 20 விநாடிதான் பிசகும். ஆயிரம் ரூபாய் வாட்ச், ஆறு லட்ச ரூபாய் வாட்ச்சை இதில் தோற்கடித்துவிடும்.

நம் தீவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணிக்கப்படுகிறது. 1906 ஜனவரி முதல் தேதியிலிருந்து இதுவே நாட்டின் நேரம். அதற்கு முன் ரயில்கள் மதராஸ் நேரப்படி ஓடின. நாம் இருப்பதோ 92¾ பாகைக்கு அருகில். பாகைக்கு 4 நிமிட வீதம், நம் சூரியன் நம் கடிகாரத்தைவிட 41 நிமிடம் முந்தி நடக்கிறது. அதனால்தான் இங்கே காலை 5 மணிக்கே வெளிச்சம் வந்துவிடுகிறது. மாலை 6 மணிக்குள் விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. சூரியனோடு 41 நிமிட வித்தியாசத்தில் தினமும் குடித்தனம் நடத்தும் நமக்கு, இரண்டு விநாடித் துல்லியத்துக்காகச் சில லட்சங்கள் கொடுப்பது எதற்கு?

நான்கை ஒப்பிட்டுப் பார்த்தால்

நிற்க. ஆசைக்காக வாங்குவது என்று முடிவானால் எதை வாங்கலாம்? முதலாம் அன்பர் பொறுக்கி வைத்திருந்த நான்கு பெயர்களையே எடுத்துக்கொள்கிறேன். விலைகள் உத்தேசமானவை, மாடலுக்கு மாடல் மாறும்.

டிஸாட் (பவர்மேட்டிக் 80): ஐம்பதாயிரத்துக்கு மேல், ஒரு லட்சத்துக்குள். ஒருமுறை முழுக்க இறுகினால் 80 மணி நேரம் ஓடும். வெள்ளி மாலை கழற்றி வைத்தால் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். ஓய்வு பெற்றவருக்கு இது பெரிய வசதி. ஸ்விஸ் வாட்ச் என்ற ஆசைக்கு இதுவே போதுமானது என்பேன்.

லாஞ்சின்ஸ் (ஹைட்ரோகான்குவெஸ்ட்): இரண்டு லட்சத்தை ஒட்டி. 72 மணி நேர ஓட்டம். தண்ணீர் புகாத திறன் 300 மீட்டர் என்று குறிக்கப்பட்டது. மயிரிழை ஸ்பிரிங் சிலிக்கனால் ஆனது, காந்தத்துக்கு அசையாது. ஐந்து வருட உத்தரவாதம்.

ஒமேகா (சீமாஸ்டர் டைவர்): ஐந்து லட்சத்துக்கு மேல். ஜார்ஜ் டேனியல்ஸ் என்ற ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் கண்டுபிடித்த, உராய்வு குறைந்த விடுவிப்பு முறையை ஒமேகா 1999-இல் கொண்டுவந்தது. அந்த முறை இதில் இருக்கிறது. 15,000 காஸ் அளவு காந்தப் புலத்தையும் தாங்கும். நாளொன்றுக்கு 0 முதல் 5 விநாடி முந்தலுக்குள் ஓடும் என்று சான்று. ஒரு இன்ஜினியர் என்ற முறையில் எனக்கு மிகவும் பிடித்த இயந்திரம் இதுதான்.

ரோலக்ஸ் (ஆயிஸ்டர் பெர்பெச்சுவல்): இதுவும் ஐந்தாறு லட்சம். 1926-இல் இந்தக் கம்பெனி கொண்டுவந்த நீர் புகாத உறையும், 1931-இல் கொண்டுவந்த தானாகச் சாவி ஏறும் முறையும் இதன் பெயரிலேயே இருக்கின்றன. நாளொன்றுக்கு 2 விநாடிக்கு மேல் பிசகாது என்பது கம்பெனியின் வாக்கு. 70 மணி நேர ஓட்டம். சில மாடல்களுக்குப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருக்க வேண்டும்.

இதில் முதல் மூன்றும் ஸ்வாட்ச் என்ற ஒரே குழுமத்தைச் சேர்ந்தவை. டிஸாட்டிலிருந்து லாஞ்சின்ஸுக்கு ஏறும்போது உறையின் உறுதி, நீர்த் தடுப்பு, நீண்ட உத்தரவாதம் என்று கையில் பிடித்துக் காட்டக்கூடிய லாபம் இருக்கிறது. அதற்கு மேல் ஏறும்போது கிடைப்பது மெருகும், சில விநாடித் துல்லியமும், பெயரும். பெயருக்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கடைக்காரர் சொல்லும் மதிப்பா, நம் மனம் கொடுக்கும் மதிப்பா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தீவில் வாட்ச் படும் பாடு

கடைக்காரர் சொல்லாத செலவு ஒன்று உண்டு. மெக்கானிக்கல் வாட்ச்சின் எண்ணெய் காலப்போக்கில் காயும், கெட்டியாகும். ஐந்திலிருந்து பத்து வருடத்துக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்து, கழுவி, எண்ணெய் இட வேண்டும். உறையின் ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். விலையுயர்ந்த வாட்ச்சுக்கு இந்த சர்வீஸ் கட்டணமே பல பத்தாயிரங்களில் வரும். நம் பஜாரில் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ரிப்பேர்க்காரர் எவ்வளவு கெட்டிக்காரரானாலும், அந்தக் கம்பெனிகளின் உதிரி பாகம் அவருக்குக் கிடைக்காது. மெயின்லேண்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். கப்பலில் மூன்று நாள் பயணம். போய்த் திரும்பும் வரை லட்ச ரூபாய்ப் பொருளின் கவலை வேறு.

நம் காற்றையும் நினைக்க வேண்டும். வருடத்தில் ஏழெட்டு மாதம் மழை, எப்போதும் ஈரம், உப்பு. தோல் பட்டை இங்கே பூசணம் பிடித்து நாறிவிடும். ஸ்டீல் பட்டையோ ரப்பர் பட்டையோதான் சரி. '30 மீட்டர்' என்று பின்மூடியில் எழுதியிருந்தால் 30 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று பொருளல்ல. கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும், அவ்வளவே. கடற்கரையில் கால் நனைக்கப் போகும் நமக்கு 100 மீட்டராவது வேண்டும். சாவிக் குமிழ் திருகி மூடும் வகையாக இருந்தால் நல்லது. கடல்நீர் பட்டால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். ஸ்பீக்கர், செல்போன் உறையின் காந்தம் ஆகியவற்றின் மேல் வாட்ச்சை வைக்கக் கூடாது. மயிரிழை ஸ்பிரிங் காந்தம் ஏறி ஒட்டிக்கொண்டால் கடிகாரம் கன்னாபின்னாவென்று முந்தும்.

இதையெல்லாம் கூட்டிக் கழித்து முதலாம் அன்பருக்கு நான் சொன்னது: லாஞ்சின்ஸ், ஸ்டீல் பட்டையோடு. பில்லும் உத்தரவாத அட்டையும் தரும் அங்கீகாரம் பெற்ற கடையில், சென்னைக்குப் போகும்போது கையில் கட்டிப் பார்த்து வாங்குங்கள். வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்கை அன்றே சர்வீஸுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். அப்படி எடுத்து வைக்க மனம் வரவில்லை என்றால் ஒரு படி இறங்கி டிஸாட் வாங்குங்கள். அவர் பணம், அவர் உழைப்பு. அந்த ஆசையில் குறை காண எனக்கு உரிமையில்லை.

"இது முதலீடு" என்று சொல்லிக்கொண்டு மட்டும் வாங்க வேண்டாம். 2021-இலும் 2022-இன் தொடக்கத்திலும் சில வாட்ச்களின் மறுவிற்பனை விலை எங்கேயோ ஏறியது. அதைப் பார்த்துப் பலர் உள்ளே இறங்கினார்கள். அதே 2022-இல் விலை சரியத் தொடங்கியது. ஒரு சில பெயர்களைத் தவிர மற்றவற்றுக்குக் கடையை விட்டு வெளியே வந்தவுடனே விலை குறைந்துவிடும்.

மாப்பிள்ளை வாட்ச்

இனி இரண்டாம் அன்பரின் கேள்விக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மாப்பிள்ளைக்கு மோதிரமும் கைக்கடிகாரமும் போடுவது நம்மிடையே நெடுநாள் வழக்கம். நம் தலைமுறையில் அது ஹெச்.எம்.டி. வாட்ச்சாக இருந்தது. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் பெங்களூரில் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை அது. ஜனதா, பைலட் என்று பெயர்கள். தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். எந்த ஊர் ரிப்பேர்க்காரரும் பிரித்து மாட்டிவிடுவார். பிறகு 1984-இல் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து உருவாக்கிய டைட்டன், நம் ஓசூரிலிருந்து குவார்ட்ஸ் வாட்ச்களை அனுப்பத் தொடங்கியதும் மாப்பிள்ளைகள் கைக்கு அது வந்தது. ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்த இரண்டு காலத்திலும் மாப்பிள்ளை வாட்ச் என்பது ஒரு நடுத்தரக் குடும்பம் தாங்கக்கூடிய செலவாகவே இருந்தது.

இப்போது கேட்கப்படுவது வேறு. ஒரு கடிகாரத்தின் விலை ஒரு கல்யாண மண்டபத்தின் வாடகையைத் தாண்டுகிறது. கடல் தாண்டி வந்து, வாடகை வீட்டிலிருந்து, சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்துப் பெண்ணைப் படிக்க வைத்தவர் அந்த வாட்ச்சுக்காகக் கடன் வாங்குகிறார். வாங்கிப் போட்ட பின்பு சர்வீஸ் செலவு யாருடையது? அடுத்த மாப்பிள்ளைக்கும் அதே வேண்டுமென்றால்? இன்று ஒரு வீட்டில் போட்டது நாளை நம் எல்லார் வீட்டிலும் எதிர்பார்க்கப்படும். சிறிய ஊர் இது. செய்தி பரவக் கப்பல் தேவையில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் கல்யாணத்தில் பரிசு கொடுப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் அது கேட்காமல் கொடுத்ததாக இருக்க வேண்டும்; பட்டியலில் எழுதப்பட வேண்டும்; பெண் வீட்டார் கொடுப்பது வழக்கத்தையொட்டியதாகவும், கொடுப்பவரின் வசதிக்கு மீறாததாகவும் இருக்க வேண்டும். "ஸ்விஸ் ஆட்டோமேட்டிக்தான் வேண்டும்" என்று கேட்டு வாங்கினால் அதற்குப் பெயர் சீர் அல்ல.

ஆகவே அந்த அன்பரிடம் நான் எந்த மாடலையும் சொல்லவில்லை. "பெண்ணிடம் கேளுங்கள், மாப்பிள்ளையிடம் நேரில் பேசுங்கள். அவருக்கே தெரியாமல் பெரியவர்கள் கேட்டதாகவும் இருக்கலாம். உங்கள் மனசுக்கும் பைக்கும் இசைந்த ஒரு நல்ல டைட்டனைப் போடுங்கள். இசையாதவர் என்றால் அது வாட்ச் வாங்கும் முன் தெரிவது நல்லதுதானே" என்றேன். மாப்பிள்ளைக்கு மெக்கானிக்கல் வாட்ச் மேல் உண்மையான ஆசை இருந்தால், அவர் சம்பளத்தில் அவர் வாங்கட்டும். நான் மேலே எழுதியதெல்லாம் அவருக்கும் பயன்படும்.

வாங்குவோர் கவனத்துக்கு

1. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் கொண்டுவந்தால், வரம்புக்கு மேற்பட்ட விலைக்குச் சுங்கவரி உண்டு. கையில் கட்டிக்கொண்டு வந்தாலும் பொருள் பொருள்தான். அறிவித்துவிட்டு, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

2. 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து கடைக்காரர் வருமான வரிக் கணக்கில் 1 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று ஏற்பாடாகியிருக்கிறது.

3. பழைய ஹெச்.எம்.டி. என்று விற்கப்படுபவற்றில் முகப்பைப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, பல வாட்ச்களின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியவை ஏராளம். முகப்பு புத்தம் புதிதாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

4. ஆட்டோமேட்டிக் என்றாலும் நின்றுபோன வாட்ச்சைக் கட்டுவதற்கு முன், குமிழில் சாவி ஏறும் வகையானால் இருபது முப்பது சுற்று கையால் சாவி கொடுங்கள். இரவு 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையில் தேதியை மாற்றாதீர்கள். அந்நேரத்தில் தேதிச் சக்கரத்தின் பல் பிடித்திருக்கக் கூடும்.

5. வீட்டுப் பீரோவில் அப்பாவின் பழைய வாட்ச் கிடந்தால் அதை முதலில் பஜாருக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒருமுறை சுத்தம் செய்து எண்ணெய் இட்டால் பெரும்பாலும் ஓடும். சாவி கொடுக்கும் கடிகாரத்தோடு நமக்கு ஒத்துவருமா என்பது சில நூறு ரூபாய்ச் செலவில், ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு லட்சத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இதில் மாற்றுக் கருத்து உள்ள அன்பர்கள், முக்கியமாகக் கல்யாண வயதில் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள், அடுத்த இதழில் எழுத வேண்டுகிறேன். பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும் பேசித் தீரக்கூடிய விஷயமல்ல இது. பிள்ளையைப் பெற்றவர்களில் பத்துப் பேர் "எங்களுக்கு வாட்ச் வேண்டாம்" என்று சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னால், இந்த ஊரில் பல அப்பாக்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.